கடுவன் குட்டியும் பெட்டைக் குட்டியும்

சென்ற தைப்பூசத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். சந்தைக்கு அண்மையில் ஒரு மதிலோரமாகக் கடதாசி மட்டைப் பெட்டியொன்று இருந்தது. எட்டிப் பார்த்தோம். உள்ளே நான்கு நாய்க்குட்டிகள்! கண் திறந்து சில வாரங்களே ஆகியிருக்கும். பக்கத்தில் ஒரு சிரட்டையில் சிறிது பால். இரவோடிரவாக அவற்றைக் கொண்டுவந்து வைத்துச் சென்றவருக்கு இரக்கம் முற்றாக அற்றுப்போய்விடவில்லை என்பதற்கு அச்சிரட்டையே சாட்சி.

வழிபாடு முடிந்து திரும்புகையில் இரண்டு குட்டிகளே எஞ்சியிருந்தன. எதிரே பழம் விற்பவர் நம்மைக் கண்டு, "கடுவன் இரண்டையும் கொண்டுபோய்விட்டார்கள், மாஸ்டர். இவை பெட்டை. இவற்றை யார் எடுக்கப் போகிறார்கள்?" என்றார். நாமும் தலையை அசைத்துவிட்டு, கல்லூரிக்கு நேரமாயிற்றென்று நடந்தோம்.

மாலையில் அவ்வழியே வந்தபோது ஒரு குட்டிதான் இருந்தது. மற்றையது நல்ல வீடொன்றைச் சேர்ந்ததோ, வண்டிச் சில்லுக்கு இரையாயிற்றோ, கேட்டறிய நமக்குத் துணிவில்லை. இரண்டாம் முறையும் கடந்து வந்துவிட்டோம். வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், வகுப்பு முடிந்து வந்த நம் மகளின் கைகளில் அந்தக் கடைசிக் குட்டி சுருண்டு கிடந்தது.

"எடுத்ததுதான் எடுத்தாய், காலையிலே பார்த்து ஒரு கடுவனாக எடுத்திருக்கக் கூடாதா? பெட்டை நாய் காவலுக்கு உதவுமா?" என்றோம்.

"ஏன் உதவாது, அப்பா?" என்றாள் அவள்.

இருபது ஆண்டுகளாகப் பிறர் பிள்ளைகளை நோக்கி 'ஏன்?' என்று கேட்டே சம்பளம் பெற்றுவரும் நமக்கு, அந்த ஒற்றைக் கேள்விக்கு விடை தெரியவில்லை. எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆதலால் நாமும் சொன்னோம். அவ்வளவே.

சென்ற வாரம் வெள்ளவத்தையிலிருந்து அன்பரொருவர் நம்மைக் காண வந்திருந்தார். அல்சேஷன் குட்டியொன்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, முறையாகப் பழக்கிப் போட்டிகளுக்குக் கொண்டுசெல்ல அவருக்கு எண்ணம். "ஆண் வாங்குவதா, பெண் வாங்குவதா?" என்பது அவருடைய வினா. பெருந்தொகை கொடுத்து வாங்குபவரின் ஐயத்துக்கும், காசின்றிக் கிடைக்கும் குட்டியைப் பெட்டியிலேயே விட்டுச் செல்பவரின் எண்ணத்துக்கும் வேர் ஒன்றே என்று அப்பொழுது நமக்குத் தோன்றிற்று. ஆகவே இவ்வாரம் அவ்விருவருக்குமாக இதை எழுதுகின்றோம்.

முதலில் பழைமையைச் சிறிது நோக்குவோம். நம் முன்னோர் பெண் நாயைப் பெயரற்ற பொருளாக விட்டுவிடவில்லை. பன்றி, புல்வாய், நாய் ஆகிய மூன்றின் பெண்பாலுக்கும் 'பிணவு' என்னும் பெயர் உரியதென்று தொல்காப்பியத்து மரபியல் வகுத்துரைக்கின்றது. இருக்கு வேதத்திலோ சரமை என்றொரு பெண் நாய் வருகின்றது. பணிகள் என்போர் கவர்ந்து மறைத்துவைத்த ஆநிரையின் தடம் தேடி, இரசை என்னும் ஆற்றைக் கடந்து, மறைவிடத்தை அது கண்டடைகின்றது. பத்தாம் மண்டலத்திலுள்ள உரையாடலொன்றில் பணிகள் அதனைத் தங்கைமுறை சொல்லி அழைத்து, பசுக்களிற் பங்கும் தருவதாக ஆசை காட்டுகின்றார்கள். சரமை இணங்கவில்லை. நாம் அறிந்த மிகப் பழைய துப்பறியும் நாய் ஒரு பெட்டை; அதுவும் கைக்கூலிக்கு மசியாத பெட்டை!

புராணத்தை விடுத்து அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். கண்ணிழந்தோருக்கு வழிகாட்டுவது நாய்க்குரிய பணிகளுள் மிக நுட்பமானது. வீதியிற் செல்லும் வாகனத்தை அளந்து, எசமானன் "போ" என்று சொன்னாலும் ஆபத்தைக் கண்டால் நிற்க வேண்டும். கீழ்ப்படிதலோடு, தக்க வேளையிற் கீழ்ப்படியாமலிருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 1928ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலே பழக்கப்பட்டு, மொரிஸ் பிராங் என்னும் பார்வையிழந்த இளைஞரை அமெரிக்க நகர வீதிகளில் நடத்திச் சென்று புகழ் பெற்ற 'படி' என்னும் நாய் பெண் அல்சேஷன். பிரித்தானியாவில் 1931ஆம் ஆண்டு முதன்முதலாகப் பயிற்சி முடித்த நான்கு வழிகாட்டி நாய்கள் ஜூடி, பிளாஷ், பொலி, மெற்றா என்பன. அந்நான்கும் பெட்டைகளே.

விண்வெளியை எடுத்துக்கொண்டாலோ, 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பூமியைச் சுற்றப் புறப்பட்ட லைக்கா, மொஸ்கோ நகர வீதியிலே திரிந்த ஒரு பெட்டை நாய். சோவியத் விஞ்ஞானிகள் பெண் நாய்களையே தேர்ந்ததற்குரிய காரணம் வேடிக்கையானது. காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கும் கடுவனுக்கு அந்தச் சிறு கூண்டில் இடமில்லை. கழிவை ஏந்தும் சாதனமும் பெண் நாய்க்கே பொருந்திற்று. லைக்கா சில மணி நேரத்துள் வெப்பத்தால் உயிர் நீத்தது. அந்த உண்மை 2002ஆம் ஆண்டிலேதான் உலகுக்குத் தெரியவந்தது. 1960ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் சென்ற பெல்கா, ஸ்திரெல்கா என்னும் இரு பெட்டைகளும் உயிரோடு மீண்டன. ஸ்திரெல்கா பின்னர் ஆறு குட்டிகளை ஈன்றது. அவற்றுள் ஒன்று 1961இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குடும்பத்துக்குப் பரிசாயிற்று.

இவ்வளவும் சொன்னதால் பெட்டையே சிறந்ததென்று வழக்காடுகின்றோம் என வாசகர் எண்ணிவிடலாகாது. 1993ஆம் ஆண்டு பம்பாய்க் குண்டுவெடிப்புகளை அடுத்து, மூவாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வெடிமருந்தைக் காட்டிக்கொடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் காத்த 'சஞ்சீர்' ஒரு கடுவன் லப்றடோர். 2022ஆம் ஆண்டு காஷ்மீரத்து அனந்தநாக் பகுதியிலே இரு குண்டுகள் பாய்ந்த பின்னும் கடமையை விடாது போராடி மாண்ட 'சூம்' என்ற இராணுவ நாயும் கடுவனே. ஆனால் அதே காஷ்மீரத்தில் 2015ஆம் ஆண்டு எல்லையோரத்தில் ஊடுருவியோரை மோப்பம் பிடித்து உயிர் துறந்த 'மான்சி' ஒரு பெட்டை. 2023ஆம் ஆண்டு ரஜௌரிப் பகுதியில் தன்னை நடத்திச் சென்ற வீரரைக் காத்து மடிந்த 'கென்ற்' என்பதும் பெட்டையே. கடமையிலிருந்து விலகாத குணத்தை இந்நான்கிலும் ஒருங்கே காண்கின்றோம்.

நமது பகுதியினருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலே குண்டு வெடித்த பின்னர், மோப்ப நாயொன்று வீதியிற் செல்லக் கண்டால் நம்மவர் வேடிக்கை பார்ப்பதில்லை. ஒதுங்கி வழி விடுகின்றனர். கண்டி அஸ்கிரியவிலே தலைமையகத்தைக் கொண்டுள்ள பொலிஸ் நாய்ப் பிரிவு, குற்றவாளியின் தடம் தேடவும் வெடிபொருளையும் போதைப்பொருளையும் கண்டறியவும் நாய்களைப் பழக்கிவருகின்றது. அத்தகைய நாயின் மூக்கை நம்பிக் கூட்டத்துள் நிற்கும் எவரும், அது ஆணோ பெண்ணோ என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

நிற்க. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேற்றுமையே இல்லையா? உண்டு. அவற்றை மறைப்பதால் எவருக்கும் நன்மையில்லை.

முதலாவது, உடலளவு. அல்சேஷன் இனத்துக்கு வகுக்கப்பட்ட அளவின்படி ஆண் நாய் 60 முதல் 65 சென்ரிமீற்றர் உயரமும் 30 முதல் 40 கிலோ நிறையும் உடையது. பெண் நாய் 55 முதல் 60 சென்ரிமீற்றர் உயரமும் 22 முதல் 32 கிலோ நிறையும் உடையது. ஓடும் கள்வனைப் பாய்ந்து பற்றி வீழ்த்தும் வேலைக்கு நிறை உதவும். ஆதலால் அப்பணிக்கு ஆணையே விரும்பும் பயிற்சியாளர் பலர். மாறாக, இடிபாட்டினுள் நுழையவும் வாகனத்தின் இடுக்கிலே மோப்பம் பிடிக்கவும், நாய் பாய்ந்து தாண்டித் திரும்பும் ஓட்டப் போட்டியில் விரைந்து வளையவும் சிறிய உடல் வசதியானது.

இரண்டாவது, பருவம். பெண் நாய்க்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம் பருவகாலம் நிகழும். குட்டி ஈன்றால் கருக்காலம் ஏறத்தாழ 63 நாள். பாலூட்டும் காலத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மாதம் பயிற்சி தடைப்படும். கடுவனுக்கு இத்தடையில்லை என்பர். ஆனால் அயலிலே ஒரு பெட்டை பருவமுற்றிருந்தால் கடுவனின் உள்ளம் படும் பாட்டை அதனை வளர்த்தவரே அறிவார். உணவு இறங்காது, சொன்ன சொல் கேளாது, மதிலைத் தாண்டும். அன்றியும், கம்பந்தோறும் காலைத் தூக்கித் தன் எல்லையை எழுதிச் செல்லும் வழக்கமும் தடம் தேடும் பயிற்சிக்கு இடையூறே. பெட்டையின் தடை நாட்குறிப்பிலே முன்கூட்டிக் குறித்துவைக்கக் கூடியது. கடுவனின் தடை அயல்வீட்டைப் பொறுத்தது.

மூன்றாவது, குணம். பெட்டை விரைவில் முதிர்ந்து பாடத்தை முன்னதாகக் கற்கும் என்றும், கடுவன் நெடுங்காலம் குட்டிக் குணத்தோடிருந்து பின்னர் துணிவோடு நிற்கும் என்றும் பழக்குவோர் கூறுவதுண்டு. இது பொதுவழக்கு, தனித்தனி நாயிடத்து எத்தனையோ முறை பொய்த்துப்போவது. வியன்னாப் பல்கலைக்கழகத்தார் 2011ஆம் ஆண்டில் 50 நாய்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு பந்து பலகைக்குப் பின்னே உருண்டு மறைந்து, மறுபுறம் வேறு பருமனுடைய பந்தாக வெளிவந்தது. பெண் நாய்கள் அம்மாற்றத்தைக் கவனித்து நெடுநேரம் நோக்கின. ஆண் நாய்கள் பொருட்படுத்தவில்லை. சுவீடன் நாட்டில் 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றோ, கூச்சமின்றித் துணிவாக முன்செல்லும் நாய்களே பணிப் போட்டிகளில் உயர்நிலை எய்தின என்று கண்டது. துணிவு கடுவனிடத்தும் உண்டு, பெட்டையிடத்தும் உண்டு. இரண்டிலும் கோழைகளும் உண்டு.

போட்டி நடத்துவோரே இதனை ஒப்புக்கொண்டிருக்கின்றனர். அல்சேஷன் நாய்க்கென ஜேர்மனியிலே தோன்றிய தேர்வில் தடந்தேடல், பணிவு, காவல் என மூன்று பகுதிகளுண்டு. அதில் ஆணுக்கொரு பந்தயம், பெண்ணுக்கொரு பந்தயம் என்ற பிரிவு கிடையாது. பருவமுற்ற பெட்டை பிற நாய்களின் கவனத்தைக் கலைக்காதிருக்க இறுதியில் களமிறங்கும், அவ்வளவே. 1978ஆம் ஆண்டு இலண்டனிலே தொடங்கிய தாண்டோட்டப் போட்டியிலும் நாய்களை உயரத்தால் வகுக்கின்றார்களேயன்றி ஆண், பெண் என்று வகுப்பதில்லை. மனிதருடைய பந்தயங்கள் பலவற்றில் இல்லாத இச்சமத்துவம் நாய்களுக்கு வாய்த்திருக்கின்றது!

ஆகவே வெள்ளவத்தை அன்பருக்கு நாம் கூறக்கூடியது இது. குட்டியின் பாலைக் கேட்குமுன் அதன் தாயைப் பாருங்கள். கூடுமாயின் தந்தையையும் பாருங்கள். தாய் அந்நியரைக் கண்டு ஒளிந்தால் அல்லது காரணமின்றிச் சீறினால் அவ்வீட்டுக் குட்டி எதுவும் வேண்டாம். ஏழு, எட்டு வாரக் குட்டியின் அருகே ஒரு திறப்புக்கோவையைப் போட்டுப் பாருங்கள். திடுக்கிடுவது இயல்பு, திடுக்கிட்டபின் திரும்பி வந்து முகர்கின்றதா என்பதே கவனிக்க வேண்டியது. பந்தை உருட்டிவிட்டால் துரத்துகின்றதா, வாயிற் கவ்வி வருகின்றதா? கைதட்டி நடந்தால் பின்தொடர்கின்றதா? இச்சோதனைகள் முடிந்த முடிபு சொல்லிவிடமாட்டா. ஆயினும் கடுவனா பெட்டையா என்பதை மட்டும் பார்ப்பதினும் நூறு மடங்கு மேலானவை. வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருப்பின், எதிர்ப்பாற் குட்டியை எடுப்பது அமைதிக்கு நல்லது. நாடோறும் பத்து நிமிடம், தவறாது, கோபமின்றிப் பழக்கக்கூடியவர் வீட்டில் எப்பாற் குட்டியும் கற்கும். அதற்கு நேரமில்லாதவர் வீட்டில் எதுவும் கற்காது.

இனி, மதிலோரப் பெட்டியின் கதைக்கு வருவோம். பெட்டைக் குட்டியை நம்மவர் ஒதுக்குவது அதன் திறமையை ஆராய்ந்து பார்த்தன்று. "குட்டி போட்டால் என்ன செய்வது?" என்னும் அச்சமே உண்மைக் காரணம். அவ்வச்சத்தை ஒளித்துக்கொண்டு, "பெட்டை காவலுக்கு உதவாது" என்று பழியை நாயின் தலையிலே சுமத்துகின்றோம். இப்படி ஒதுக்கப்பட்ட பெட்டைகள் வீதியிலே வளர்ந்து, வீதியிலே ஈன்று, மேலும் பல பெட்டிகளுக்குக் காரணமாகின்றன. கொண்டுபோகப்பட்ட கடுவன்களே அவற்றுக்குத் தந்தைமார் என்பதையோ எவரும் நினைப்பதில்லை.

இவ்வச்சத்துக்கு மருந்து இருக்கின்றது. மிருக வைத்தியர் செய்யும் கருத்தடைச் சத்திரசிகிச்சையே அது. அதனாற் பருவத் தொல்லை நீங்கும். முதிர்ந்த பெட்டைகளுக்கு வந்து உயிரைக் குடிக்கும் கருப்பைச் சீழ்நோயும் அணுகாது. ஆனால் அல்சேஷன் போன்ற பெரிய இனத்துக் குட்டிகளில் அவசரம் கூடாது. அவற்றுக்கு ஒரு வயது நிறையுமுன் இச்சிகிச்சை செய்தால் மூட்டு நோய் மிகுகின்றதென்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2016ஆம் ஆண்டு கண்டறிந்துள்ளனர். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெட்டைகளிற் சிலவற்றுக்குச் சிறுநீர் அடங்காத குறையும் பின்னர் நேர்வதுண்டு. ஓடிப் பாய வேண்டிய நாய்க்குக் காலம் பார்த்துச் செய்தல் வேண்டும். அதனை வைத்தியரே நாயைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஊர்நாய்க் குட்டிக்கு அவர் குறிக்கும் நாளைத் தள்ளிப்போடாதிருப்பதே நம் கடமை. விசர்நாய்க்கடித் தடுப்பூசியையோ எந்த நாய்க்கும் தவறவிடலாகாது.

நம் வீட்டுக் குட்டிக்கு நம் அன்னையார் 'கறுப்பி' என்று பெயரிட்டார். முதல் நாள், "உந்தப் பெட்டையை வைச்சுக்கொண்டு என்ன செய்யப் போறியள்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவரும் அவரே. நம் மகள் நாடோறும் மாலையில் விறாந்தையிலே பாடம் நடத்தினாள். "இரு", "வா", "தேடு" என்னும் மூன்று சொற்களே பாடத்திட்டம். நான்காம் மாதத்தில் அன்னையாரின் வெற்றிலைப் பையை எங்கே மறைத்தாலும் கறுப்பி கண்டெடுத்துவிடும். அதன்பின் அன்னையார் தாமாகவே பையை மறைத்துவைத்து, "தேடு பிள்ளை" என்று ஏவத் தொடங்கினார்.

சென்ற மாதம் கறுப்பிக்குச் சத்திரசிகிச்சை நடந்து, காயமும் ஆறிற்று. அதற்கு அடுத்த வாரம் நள்ளிரவு கடந்து, நாம் ஒருபொழுதும் கேட்டிராத குரலிலே அது குரைத்தது. எழுந்து விளக்கைப் போட்டோம். மதிலுக்கு அப்பால் யாரோ குதித்தோடும் ஓசை. முற்றத்துப் பித்தளைத் தண்ணீர்க் குழாய் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பி அதனருகே உடல் நடுங்க நின்றது; ஆயினும் நின்ற இடத்தை விட்டுப் பின்வாங்கவில்லை.

கடுவனாக இருந்திருந்தாலும் குரைத்திருக்கும். அதனை மறுக்கவில்லை. பெட்டையும் குரைத்தது என்பதே நாம் கண்டது.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. நம்மைப் பார்த்தாள். அவள் ஏழு மாதங்களுக்கு முன்பு கேட்ட கேள்விக்கு நம்மிடம் இப்பொழுது விடையுண்டு. ஆனால் அவள் மீண்டும் கேட்கவில்லை. காலையில் கோயிலுக்குச் செல்லும் வழியில் அந்த மதிலோரத்தை நோக்கினோம். அன்று அங்கே பெட்டியில்லை. இருந்திருக்குமாயின், இம்முறை கடந்து போயிருக்கமாட்டோம் என்று நம்புகின்றோம். வாசகர்களுள் எவரேனும் அத்தகைய பெட்டியொன்றைக் காண நேர்ந்தால், கடுவனைத் தேடிக் கையை உள்ளே விடுமுன் ஒரு கணம் சிந்திப்பார்களாக.